பீரோவின் தலையிலிருந்து தரைக்கு

1980களில் நம் வீடுகளில் ஸ்பீக்கர் பெட்டிகள் பெரும்பாலும் பீரோவின் தலையில்தான் இருந்தன. அங்கே இடமில்லையென்றால் பரணின் விளிம்பில், ஷோகேஸின் மேல்தட்டில், ஜன்னல் திட்டில். தரையில் வைத்தால் குழந்தை விரலை விட்டுக் காகிதக் கூம்பைக் கிழித்துவிடும், வீடு கழுவும்போது தண்ணீர் ஏறும், எலி ஒயரைக் கடிக்கும். கைக்கு எட்டாமல் இருந்தால் போதும், அதுதான் நல்ல இடம். இரண்டு பெட்டி உள்ள வீட்டில் ஒன்று கூடத்திலும் மற்றொன்று சமையற்கட்டு நிலைக்கு மேலே ஆணியடித்தும் மாட்டப்பட்டிருக்கும். அடுப்படியில் நிற்கிறவர்களும் பாட்டுக் கேட்க வேண்டாமா? அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. பாட்டுக் கேட்பதற்கென்று யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை. அரிசி புடைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பாட்டு கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

இன்று அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை, அடுக்ககத்தின் ஏதோ ஒரு மாடியில் புது ஸ்பீக்கர் வாங்கி வைக்கிறது. தரையில் மாஸ்கிங் டேப்பால் குறி ஒட்டியிருக்கிறார்கள். இஞ்ச் டேப் கிடக்கிறது. மணல் நிரப்பிய இரும்பு ஸ்டாண்டுகள் சுவரைவிட்டு விலகி நிற்கின்றன. எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தவரின் காதும், கூரிய ஒலிகளைத் தரும் ட்வீட்டரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் நூல் பிடித்துப் பார்க்கிறார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தால் வேண்டாத வேலை என்று நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நாற்பது ஆண்டுகளில் இசை கேட்பதில் நமக்கு நேர்ந்த மிகப் பெரிய மாற்றத்தை இந்தக் காட்சியில் பார்க்கிறேன்.

ஸ்பீக்கர்தான் மாறிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்ட வடிவம்தான் இன்றும் பெரும்பாலான பெட்டிகளுக்குள் இருக்கிறது: காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய ஒரு கூம்பு. மின்சாரம் பாய்ந்தால் சுருள் முன்னும் பின்னும் அசையும், கூம்பு காற்றைத் தள்ளும். பொருள்கள் மேம்பட்டிருக்கின்றன, கணக்கு துல்லியமாகியிருக்கிறது, விதி அதேதான். தலைகீழாக மாறியது அந்தப் பெட்டி நிற்கும் அறை. அறையும் ஒலிக்கிறது என்ற அறிவு நம் வீடுகளுக்குள் வந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து.

அன்றைய பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோனோடைன், காஸ்மிக் என்று கம்பெனி செட் வாங்க முடிந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தாழ்ந்த ஒலிகளுக்கான உஃபரையும் ட்வீட்டரையும் தனித்தனியாக வாங்கிவந்து, தெரிந்த ஆசாரியிடம் பெட்டி அடிக்கக் கொடுத்தார்கள். உஃபர் நுழைய எவ்வளவு அகலம் வேண்டும், பீரோவின் மேல் நிற்க எவ்வளவு உயரம் இருக்கலாம், இவ்வளவுதான் அளவு. உள்ளே எத்தனை லிட்டர் காற்று இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலேயே அந்தக் கணக்கைப் போட்டார், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரித்து எழுதிவிட்டார். அது நம் ஆசாரிகளின் பட்டறைவரை வரவில்லை. ஆனால் கைப்பழக்கம் வேறு வழியில் சிலவற்றைக் கண்டுபிடித்திருந்தது. எது பிளஸ், எது மைனஸ் என்ற குறி அழிந்துபோன ஸ்பீக்கரை மெக்கானிக் கையில் எடுத்தால், ஒரு டார்ச் பேட்டரியை அதன் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்ப்பார். கூம்பு வெளியே எழும்பினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். இரண்டு பெட்டிகளில் ஒன்றை மாற்றி இணைத்துவிட்டால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் செத்துப்போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. லட்ச ரூபாய்க்குப் புது ஸ்பீக்கர் வாங்கியவர் முதலில் பார்க்க வேண்டியதும் இன்றைக்கும் இதுதான்.

பானை ஸ்பீக்கரை விட்டுவிட முடியாது. பெட்டி அடிக்கக் காசில்லாத இடங்களில், கிராமத்து டீக்கடையிலும் சைக்கிள் கடையிலும், மண்பானையின் வாயில் ஒரு ஸ்பீக்கரை மல்லாக்க வைத்துவிடுவார்கள். மெலிந்து கிடந்த பாட்டு சட்டென்று உடம்பு பெற்றுவிடும். கூம்பின் முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பானை அந்தப் பின்பக்கத்து ஒலியைச் சிறைப்படுத்திவிடுகிறது. எட்கர் வில்ச்சர் 1954இல் காற்றுப் புகாத பெட்டிக்குள் ஸ்பீக்கரை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கிய வகையும் இதற்குத் தூரத்து உறவு. பானைக்கு நேர்ச்சுவர் கிடையாது, மூலையும் கிடையாது. பெட்டியின் வடிவம் ஒலியை எப்படி மாற்றுகிறது என்று ஹாரி ஓல்சன் 1950களின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்தபோது உருண்டை வடிவம்தான் மிகச் சீராக ஒலித்தது. பானையில் எல்லாச் சுருதியும் சமமாக வராது, தனக்குப் பிடித்த ஒரு சுருதியில் அது கத்தும் என்பது உண்மைதான். இருந்தாலும் முதலில் அதைச் செய்து பார்த்த கையை நான் மதிக்கிறேன்.

பீரோவின் தலைக்கும் ஒரு காரணம் தற்செயலாக அமைந்திருந்தது. இரண்டு சுவரும் கூரையும் சந்திக்கும் மூலையில் பெட்டியை ஒட்டிவைத்தால், எல்லாப் பக்கமும் பரவ வேண்டிய தாழ்ந்த ஒலி ஒரே பக்கமாகத் திரும்பிப் பல மடங்கு தூக்கலாகிவிடும். 4 அங்குலமோ 6 அங்குலமோ இருந்த சின்னக் கூம்புக்கு அந்த உதவி தேவைப்பட்டது. கூடவே பீரோவின் தகரக் கதவும் அதிர்ந்தது, மேலே அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்களும் சேர்ந்து பாடின. ஈக்வலைசரின் குமிழ்களில் நடுவிலுள்ளவற்றைக் கீழே இறக்கி, இரண்டு ஓரங்களையும் மேலே ஏற்றி வைப்பது அன்றைய வழக்கம். அது குரலை மறைத்துவிட்டு ஜல்ஜல்லையும் திம்திம்மையும் மட்டும் மிச்சம் வைக்கும். அதுதான் நல்ல சத்தம் என்று நம்பினோம்.

இதற்கு நடுவில்தான் ஸ்டீரியோ வந்தது. ஆலன் ப்ளம்லைன் லண்டனில் 1931இலேயே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958இல் மேலைநாட்டுக் கடைகளுக்குப் பரவலாக வந்தன. தமிழ்த் திரையிசையில் இளையராஜாவின் ‘பிரியா’ 1978இல் ஸ்டீரியோவில் பதிவாகி வந்தபோது அது பெரும் செய்தி. அதற்குப் பிறகு வந்த பதிவுகளில் கிட்டார் ஒரு பக்கம், வயலின்கள் மறுபக்கம், குரல் நடுவில் என்று இடம் பிரித்து வைத்தார்கள். அந்தப் பாட்டுகளைத்தான் நாம் கூடத்துக்கு ஒரு பெட்டி, சமையற்கட்டுக்கு ஒரு பெட்டி என்று பிரித்துப் போட்டுக் கேட்டோம். கூடத்தில் இருந்தவருக்கு வயலின் கிடைத்தது, அடுப்படிக்குக் கிட்டார் போனது. ஒரு பாட்டு முழுதாக எப்படி இருக்கும் என்பதைப் பலர் இருபது, இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். அதைக் கேட்ட நாளில் கண் கலங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பாட்டில் அப்படியொரு கிட்டார் இருந்ததே அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

பெட்டியும் இடமும் இவ்வளவு தாறுமாறாக இருந்தும், அந்த வீடுகளில் பாட்டு காதைக் குத்தவில்லை. இதை நான் நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். நினைவு இனிமையாக்கிவிடுகிறது என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் வேறு காரணம் இருக்கிறது, அது வீட்டின் கட்டுமானத்தில் இருக்கிறது.

ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் 1895இல் ஒரு புகார் வந்தது. புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்து நொடிக்கும் மேலாகச் சுற்றிச்சுற்றி எதிரொலித்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஒரு ஆர்கன் குழலை ஊதவிட்டு, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். காலையில் அரங்குக்கு மெத்தைகளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அப்படிப் பல இரவுகள் அளந்து எதிரொலிக் கணக்கைக் கண்டுபிடித்தார். ஒலியை விழுங்குவதற்கு அவர் தேர்ந்துகொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். அதில் பட்ட ஒலி திரும்பி வராது. ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்றால் முழுமையான ஒரு பங்கு விழுங்கல்.

நம் பழைய வீட்டை இப்போது நினைத்துப் பாருங்கள். கூடத்தை ஒட்டித் திறந்த முற்றம், வானத்தைப் பார்த்த மாபெரும் ஜன்னல். தாழ்வாரம், ரேழி, திண்ணை என்று ஒலி வெளியேற வழிக்கு மேல் வழி. ஓட்டு வீடென்றால் கூரையில் ஆயிரம் சந்து. மூலையில் சுருட்டி நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தைகள், அடுக்கி வைத்த நெல் மூட்டைகள், கொடியில் புடவைகள், மேலே உத்தரமும் சட்டமும் தெரியும் மேடுபள்ளமான கூரை. சபைன் இரவெல்லாம் சுமந்த மெத்தைகளை நம் பாட்டிமார் ஏற்கெனவே சரியான மூலைகளில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒலியை எண்ணி யாரும் அப்படிச் செய்யவில்லை. வெயிலும் மழையும் வாழ்க்கையும் கேட்டபடி கட்டிய வீடு, காதுக்கும் இதமாக அமைந்துவிட்டது.

இப்போது 14 அடிக்கு 11 அடி, 10 அடி உயரத்தில் ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். விட்ரிஃபைடு டைல்ஸ் தரை, பெயின்ட் அடித்த சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை, ஏசிக்காக மூடிய கண்ணாடி ஜன்னல். இந்தப் பரப்புகள் தம்மேல் விழும் ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் விழுங்கும். சபைனின் சூத்திரத்தில் போட்டால், காலியாக இருக்கையில் இந்த அறை ஒலியை 4 நொடிக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். இசை கேட்க அரை நொடிக்கு மேல் வேண்டாம். வெட்டவெளியைப் பார்த்த 2 சதுர மீட்டர் கதவு ஒன்றைத் திறந்தால் அதே கணக்கு ஏறக்குறைய 2 நொடியாக இறங்கிவிடுகிறது. ஒரு கதவுக்கே இவ்வளவு என்றால் முற்றம் என்ன செய்திருக்கும்!

தாழ்ந்த ஒலிகளுக்கு வேறொரு தொல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முன்னும் பின்னும் போய்வரும்போது சில சுருதிகள் அந்த நீளத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தி வீங்கிவிடும். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். 14 அடி நீளத்துக்கு அது 41 ஹெர்ட்ஸில் பொருந்துகிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி மீட்டாமல் நிற்கும் சுருதி 41.2 ஹெர்ட்ஸ். ஆக, இளையராஜாவின் பேஸ் கிட்டார் நடையில் அந்த ஒரு சுருதி வரும்போதெல்லாம் அறை முழுக்க உறுமும். அடுத்த சுருதிகள் மெலிந்து நடக்கும். கேட்கிறவர் ஸ்பீக்கரைத் திட்டுவார், ஆம்ப்ளிஃபையரை மாற்றுவார். உறுமியது அறை. பின்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் அது இன்னும் பெரிதாகும். அறையின் சரிபாதியில் உட்கார்ந்தாலோ அதே சுருதி காணாமல் போகும். சோபாவை எங்கே போடுகிறோம் என்பதே பாட்டின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் இன்றைய ஆட்கள் வேலையில் இறங்குகிறார்கள். நண்பர் ஒருவர் வீட்டில், இதே அளவுள்ள படுக்கையறையில், அவருடைய மகள் தன் முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கிய ஸ்பீக்கர்களை வைத்தபோது உடனிருந்தேன். பெரியவர் பீரோ காலத்து ஆள். பெட்டியை நகர்த்துவது அவர் வேலை, உட்கார்ந்து கேட்பது மகள் வேலை.

“அப்பா, இடது பக்கத்தை இன்னும் ஒரு விரக்கடை முன்னால இழுங்க.”

“இப்பப் பாரும்மா.”

“குரல் நடுவுக்கு வந்துடுச்சு. ஆனா கொஞ்சம் மெலிஞ்சு கேக்குது.”

மெலிந்ததற்குக் காரணம் பின்சுவர். பெட்டியின் முகம் சுவரிலிருந்து 2 அடியில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 140 ஹெர்ட்ஸ் வாக்கில் நேரொலியோடு மோதிக் கழிந்துவிடும். ஆண் குரலின் கனம் இருப்பது அந்த இடத்தில்தான். இன்னும் ஓர் அடி முன்னே இழுத்தால் அந்தப் பள்ளம் 95 வாக்குக்கு இறங்கும், குரல் தப்பிக்கும். அறைக்குள் நடப்பதற்கான இடம் குறையும். அந்த ஓர் அடிக்காக எத்தனையோ வீடுகளில் வாக்குவாதம் நடக்கிறது, நடப்பதும் நியாயம்தான். இந்த வீட்டில் அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று இரண்டையும் கேட்டுவிட்டு, கட்டிலைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். அன்றைய முடிவுகளில் முக்கியமானது அதுதான் என்பேன்.

இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள தூரமும், ஒவ்வொரு பெட்டிக்கும் காதுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக வைத்தார்கள். பிறகு பெட்டிகளின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் திருப்பினார்கள். அதிகம் திருப்பினால் பாடகர் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறார், திருப்பாமல் விட்டால் பரவிக் கலங்குகிறார். இதற்கு அளவுகோல் உதவாது, காதுதான் முடிவு சொல்லும். பிறகு பெரியவர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச்சுவரை ஒட்டி நகர்த்திக்கொண்டே போக, எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறது என்று மகள் நாற்காலியிலிருந்து சொன்னாள். முதல் எதிரொலி சுவரில் படும் இடம் அது. அங்கே புத்தக அலமாரி வந்தது. எதிர்ப்பக்கம் பவானி ஜமக்காளம் ஒன்றை மாட்டினார்கள். மெல்லிய துணி கூரிய ஒலிகளை மட்டும்தான் தணிக்கும். உறுமலுக்கு அது போதாது. அதற்குக் கனமான பொருள் மூலையில் நிற்க வேண்டும். கடையில் ராக்வூல் அடைத்த பலகைகள் கிடைக்கின்றன. விலை கேட்டுவிட்டுப் பெரியவர் பரணிலிருந்து பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கி, இரண்டு மூலையிலும் சாய்த்து நிறுத்தினார். உறுமல் கொஞ்சம் அடங்கியது.

மிச்சத்துக்கு மைக் இருக்கிறது. யூஎஸ்பி மைக் ஒன்றைக் காது இருக்கும் இடத்தில் நிறுத்தி, இலவசமாகக் கிடைக்கும் ஆர்இடபிள்யூ என்ற மென்பொருளை ஓட்டினால், தாழ்ந்த ஒலியிலிருந்து உச்சம்வரை ஒரு சீழ்க்கை ஏறிப் போகிறது. திரையில் அறையின் மேடுபள்ளங்கள் கோடாக விழுகின்றன. ஒலியைக் கணக்கிட்டுத் திருத்தும் டிஎஸ்பி அந்த மேடுகளைச் செதுக்கிவிடும். பள்ளங்களை அதனால் நிரப்ப முடியாது. கழிந்துபோகிற ஒலிக்கு எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் அது கழிந்துகொண்டேதான் இருக்கும். நகர்த்தும் வேலையை முடிக்காமல் மைக்கைத் தொடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெட்டியை ஓர் அடி நகர்த்திச் சரிசெய்யக்கூடியதைப் டிஎஸ்பியில் தேடுகிறார்கள். புது ஸ்பீக்கர் சில வாரம் ஓடிப் பழகினால்தான் திறக்கும் என்று சொல்லி அதுவரை எதையும் தொடாதவர்களும் உண்டு. அந்த வாரங்களில் பெரும்பாலும் பழகுவது நம் காது.

இழந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு நாற்காலியில் ஒருவர்தான் உட்கார முடியும். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் பாடகர் நடுவைவிட்டுப் பக்கத்துப் பெட்டிக்குள் போய்விடுவார், ஏனென்றால் எந்த ஒலி முதலில் வந்து சேர்கிறதோ அந்தத் திசையைத்தான் மூளை நம்பும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் செய்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பழைய வீட்டில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. இன்று ஒருவருக்கு அற்புதமாகக் கேட்கிறது. இரண்டில் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், கிட்டாரையும் வயலினையும் அதனதன் இடத்தில் கேட்ட பிறகு என்னால் பழையதற்குத் திரும்ப முடியாது. ஆனால் அந்த நாற்காலி வீட்டில் முறைவைத்து மாற வேண்டும்.

நண்பர் வீட்டில் அப்படித்தான் மாறுகிறது. டிஎஸ்பியில் மகள் மூன்று அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறாள். பால்கனிக் கதவைத் திறந்து வைத்து அளந்தது ஒன்று. மாலையில் அதுதான் ஓடும், பேஸ் இயல்பாக இறங்கி வெளியேறிவிடுவதால் அதில் திருத்தம் மிகக் குறைவு. மேல்வீட்டுக்காரர்கள் தூங்கிய பிறகு கேட்பதற்குக் கதவை மூடி அளந்தது இரண்டாவது. அதில் 41 ஹெர்ட்ஸை நன்றாகவே செதுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது, கட்டிலின் விளிம்பில் மூன்று பேர் உட்காரும் இடங்களில் தனித்தனியாக அளந்து சராசரி எடுத்தது. அதில் யாருக்கும் குரல் அவ்வளவு கூர்மையாக நடுவில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் போடுவது அதைத்தான்.